மூக்கடைப்பு ஸ்பிரேயிலிருந்து மீண்டவர்கள், மீள முயல்பவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

என் கணவரின் கதையை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். சளிக்கு வாங்கிய ஸ்பிரே, சளி போன பிறகும் வீட்டைவிட்டுப் போகவில்லை. படுக்கையில் ஒன்று, வண்டியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று. நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டால்தான் மறுபடி தூக்கம். கேட்டவர்கள் எல்லாம் சைனஸ் என்றே சொன்னார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஸ்பிரே அடிக்கிறீங்க, எவ்வளவு நாளா?" உள்ளே சதை செக்கச்செவேல் என்று வீங்கியிருந்ததாம். அவர் விளக்கியது இதுதான். மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற சதை மடிப்புகள் இருக்கின்றன, அவை முழுக்க ரத்த நாளங்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற மருந்துகள் அந்த நாளங்களைச் சுருக்குவதால் சதை வற்றி, சில நிமிடத்தில் மூச்சு வருகிறது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் வீக்கம் திரும்பி வருகிறது, பல நேரம் முன்னைவிட அதிகமாக. உடனே மறுபடி அடிக்கிறோம். நாளாக ஆக அதே அளவு மருந்து பத்தாமல் போகிறது. ரைனைட்டிஸ் மெடிக்கமென்டோசா என்று இதற்குப் பெயர். "இப்ப உங்களுக்கு இருக்கிற அடைப்பை உண்டாக்குறதே இந்த ஸ்பிரேதான்" என்றார்.

ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. முதலில் வலது பக்கம் நிறுத்துங்கள், இடது பக்கத்துக்கு மட்டும் அடியுங்கள், வலது திறந்த பிறகு இடதையும் விடலாம் என்றார். கூடவே இரண்டு பக்கத்துக்கும், வீக்கத்தைக் குறைக்கும் ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே. ஆரம்ப இரவுகள் பெரும்பாடு. வாய் வறண்டு எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தார், கோபம் வந்தது, "இது வேலையே செய்யல" என்று ஸ்டீராய்டு ஸ்பிரேயைத் தூக்கிப் போடப் பார்த்தார். அது அடித்த உடனே பலன் தருவதில்லை, பிடிக்கச் சில நாள் ஆகும், முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம்கூட ஆகலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பது ரொம்ப முக்கியம். தெரியாமல் பாதியில் பழைய ஸ்பிரேக்குத் திரும்புகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குத் தெம்பு கொடுத்தது ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. காலையில் மூக்குக்குக் கீழே படுக்கைவாட்டில் பிடித்து மூச்சுவிட்டால் ஆவி படியும். முதலில் இடது பக்கம் மட்டும் வெள்ளையாகப் படிந்தது. அப்புறம் ஒருநாள் வலது பக்கமும் பொட்டு அளவுக்கு மங்கியது. அதைப் பார்த்த பிறகு அவரை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

———

நான் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். மேலே எழுதியிருப்பதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஆக்ஸிமெட்டாசோலின் அட்டையில் பொதுவாக 3 நாளுக்கு மேல் அடிக்கக் கூடாது என்றுதான் இருக்கும். அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. ஒரே நேரத்தில் நாலைந்து பாட்டில் கேட்டு வருகிறவர்களிடம், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால், இரத்த அழுத்த மாத்திரையைச் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். டாக்டரிடமும் சொல்வதில்லை. இதை மருந்தாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் என் கவலை. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இன்னொரு குழப்பம். உப்புநீர் ஸ்பிரே, ஸ்டீராய்டு ஸ்பிரே, அடைப்பு நீக்கும் ஸ்பிரே மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "ஸ்பிரே பழக்கமாகிவிடும்" என்று கேள்விப்பட்டு, டாக்டர் ஒவ்வாமைக்கு எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்திவிடுகிறார்கள். அது இந்த மாதிரி மீள்வீக்கம் தராது. பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின், நஃபாசோலின் என்று இருந்தால் நாள் கணக்கு பார்க்க வேண்டியது அதுதான்.

———

ஸ்பிரேயை விட்ட பிறகும் எனக்கு ஒரு பக்கம் திறக்கவே இல்லை. பரிசோதித்தால் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருந்தது. அதற்கு அறுவை சிகிச்சை செய்த பிறகுதான் சரியானது. எனவே விடுவதோடு நிறுத்திவிடாதீர்கள், முதலில் ஏன் அடைத்தது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். தூசி ஒவ்வாமை, பாலிப் (மூக்குக்குள் சதை வளர்ச்சி), தண்டு வளைவு, கர்ப்ப கால மாற்றம் என்று எதுவாகவும் இருக்கலாம். அது அப்படியே இருந்தால் கை மறுபடி அந்தப் பாட்டிலுக்குத்தான் போகும்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். ஆரோக்கியமான மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் லேசாக அடைத்து மறுபக்கம் திறக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைப்பதும் இயல்பு. வருஷக்கணக்கில் ஸ்பிரே அடித்தவர்களுக்கு அந்த லேசான அடைப்பே பதற்றமாகிவிடுகிறது. இது தெரிந்த பிறகு, அடைக்கும்போது திரும்பிப் படுத்துக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க எனக்குப் பழகிவிட்டது.

———

உப்புநீரால் மூக்கு கழுவுகிறவர்கள், கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ மட்டும் பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரை நேராக விடக் கூடாது, அபூர்வமாக உயிருக்கே ஆபத்தான அமீபா தொற்று வரலாம்.

குழந்தை இருக்கும் வீட்டில் அடைப்பு நீக்கும் ஸ்பிரே பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்த மருந்துகளைச் சிறு குழந்தை விழுங்கிவிட்டால் மயக்கம், இதயத் துடிப்பு குறைவு, மூச்சுத் திணறல் வரும். 1 அல்லது 2 மில்லி போனதற்கே மோசமானதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் எச்சரித்திருக்கிறது. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.