மறு: நாணயவியல் கலைச்சொற்கள் – வெரைட்டி, டபுள்டு டை

நண்பர்களே, வணக்கம். காசு சேகரிப்பவர்கள் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பட்டியலுக்கு வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> வெரைட்டிக்கு 'வகை' போதுமே, புதுச்சொல் எதற்கு?

போதாது. அமெரிக்க ஒரு சென்ட் காசையே எடுத்துக்கொள்வோம். கோதுமைக் கதிர் போட்டது (1909–1958), லிங்கன் நினைவகம் போட்டது (1959–2008), கேடயம் போட்டது (2010 முதல்) என்று இவற்றைத்தான் 'வகை' என்கிறோம். வங்கியில் 25 டாலர் கொடுத்து ஒரு பெட்டி வாங்கி, ஐம்பது ஐம்பதாகச் சுருட்டிய 2,500 காசையும் கொட்டி, லென்ஸோடு உட்காருகிறவர் தேடுவது ஒரே வகைக்குள், ஒரே ஆண்டுக்குள் இருக்கும் மாற்றத்தை. 1999 காசின் பின்பக்கத்தில் நாட்டின் பெயரில் வரும் 'ஏ', 'எம்' எழுத்துகளின் அடி ஏறக்குறைய ஒட்டியிருக்கும். அபூர்வமாகச் சிலவற்றில் நடுவே நல்ல இடைவெளி. சேகரிப்பவர்களுக்கென அடிக்கும் பளபளப்புக் காசின் வடிவம் புழக்கக் காசுக்குள் புகுந்துவிட்டதுதான் காரணம். 1992-இல் கதை தலைகீழ்: ஒட்டியிருந்தால்தான் அபூர்வம்.

> 'அச்சுப்பிழை' என்றால் எல்லாருக்கும் புரியும்.

புரியும், புத்தகத்தில் கொம்பு விட்டுப்போனதாகப் புரியும்! தவிர, எல்லாமே பிழையும் இல்லை. 1982-இல் செம்புக் காசை (3.11 கிராம்) நிறுத்தி, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு (2.5 கிராம்) மாறினார்கள். அதே ஆண்டில் ஆண்டெண்ணும் பெரியது, சிறியது என இரண்டு அளவில் வந்தது. உலோகம், எண்ணின் அளவு, அடித்த ஊர் மூன்றையும் வைத்துப் பார்த்தால், முறையாகப் புழக்கத்துக்கு வந்த சேர்க்கைகளே ஏழு. இதில் யார் என்ன தப்புச் செய்தார்கள்? ஆகவே என் பரிந்துரை உள்வகை. அச்சு மாற்றம், உலோக மாற்றம் இரண்டுக்கும் பொருந்தும். ஒரு காசு மட்டும் கோணலாகவோ பாதியாகவோ அடிபட்டிருந்தால் அது அடிப்பிழை.

> டபுள்டு டை = இரட்டை அச்சு

இதற்கு என் ஓட்டு இல்லை. எந்தக் காசுக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அச்சு வேண்டும். அப்படிப் பார்த்தால் எல்லாக் காசும் இரட்டை அச்சுதான். நடப்பது வேறு. படம் புடைத்து நிற்கும் தாயச்சை (ஆங்கிலத்தில் ஹப்) எஃகு அச்சின்மேல் அழுத்துவார்கள். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் முழுதாகப் பதியாது. சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை கொஞ்சம் திரும்பிவிட்டால் எழுத்து அச்சிலேயே இரண்டாகிவிடும், பிறகு அதில் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அது வரும். 1955-இல் ஃபிலடெல்பியா அக்கசாலையில் (காசு அடிக்கும் ஆலை) இப்படி ஆகி, சுமார் 20,000 காசு வெளியே போனதாகக் கணக்கு. அவற்றில் பல, தானியங்கி இயந்திரத்தில் விற்ற சிகரெட் பெட்டிக்குள் மீதிச் சில்லறையாகப் போனவை. 1984 காசு ஒன்றில் லிங்கனின் காதுமடலுக்குக் கீழே இன்னொரு காதுமடல் தெரியும். குறை அச்சில் என்பதால் இரட்டித்த அச்சு என்போம். ('ஈரழுத்து' என்றும் யோசித்தேன். அழுத்துவது எப்படியும் பலமுறை. அதோடு, நம்மில் பாதிப்பேர் 'ஈரெழுத்து' என்று தட்டச்சிடுவோம்.)

இதோடு எப்போதும் குழம்புவது மெஷின் டபுளிங். அங்கே அச்சில் கோளாறே இல்லை. அடித்த கையோடு, தளர்ந்திருந்த அச்சு நகர்ந்து எழுத்தின் ஓரத்தைத் தட்டையாகச் சீவிவிடுகிறது. இரட்டித்த அச்சில் இரண்டு எழுத்தும் புடைத்து நிற்கும், முனையில் கவை தெரியும். இதில் படிக்கட்டு மாதிரி ஒரு தட்டை மட்டும். விலையும் கிடையாது. ரப்பர் ஸ்டாம்ப் குத்தும்போது கை நகர்ந்தால் 'இழுத்துவிட்டது' என்கிறோமே, அதையே கொண்டு அடியிழுப்பு எனலாம். இழுப்பு என்றால் ஆஸ்துமா அல்லவா என்று ஒருவர் வருவார், தெரியும். முன்னால் 'அடி' நிற்கிறது ஐயா, மூச்சு வாங்காது.

அப்புறம், உயர்தரக் காசின் நிறத்துக்கு மூன்று சொல்: செந்நிறம், செம்பழுப்பு, பழுப்பு. அக்கசாலையிலிருந்து வந்த நிறம் மாறாதிருந்தால்தான் செந்நிறம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்ததை இதில் சேர்க்கக் கூடாது. தேய்த்த காசின் விலை இறங்கிவிடும். முன்பக்கம், பின்பக்கத்துக்குத் 'தலை', 'பூ' இருக்கவே இருக்கிறது. 'முகப்பு', 'மறுபுறம்' எல்லாம் வேண்டாமே.

2025 நவம்பர் 12 அன்று ஃபிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசிச் சென்டை அடித்துவிட்டார்கள். இனி இந்தச் சுருள்களைப் பிரிப்பவர் கூடுவார்கள், சொற்களும் தேவைப்படும். 'தாயச்சு' குறித்துத்தான் எனக்கே அரைமனம். வார்ப்படத் தொழிலில் அதற்கு வேறு பொருள் இருந்தால், பட்டியலை இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுமுன் சொல்லிவிடுங்கள்.