அகலப் பாதம், உயர்ந்த புறங்கால்: பனிச்சறுக்குச் சப்பாத்து 27.5 வாங்கட்டுமா?

ஏரிக்கரை

வணக்கம். சுவிட்சர்லாந்தின் தூண் (Thun) நகரில் இருக்கிறேன், வயது 41. மகன் பள்ளிக்கூடத்தின் பனிச்சறுக்கு முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து மாரியில் ஒரு ஞாயிறு வீட்டில் தங்குவதில்லை. அவனைத் தனியே விட மனமில்லாமல் சென்ற ஆண்டு நானும் பழகத் தொடங்கினேன். சறுக்க வருகிறது. சப்பாத்துத்தான் வழிக்கு வரவில்லை.

பதினைந்து வயது வரை வல்வெட்டித்துறை மணலில் வெறுங்காலோடு திரிந்த பாதம் இது. முன்பக்கம் அகலம், குதிக்கால் ஒடுக்கம், புறங்கால் மேடு, போதாததற்குக் கெண்டைக்காலும் பருமன். வாடகைக்கு எடுத்தபோது 25.5 நெருக்கியது, 26.5 தந்தார்கள். பிறகு மலிவு விற்பனையில் அதே 26.5 அளவில் சொந்தமாக ஒரு சோடி வாங்கினேன். "போகப் போக இளகும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

இளகவில்லை. அடல்போடன் சறுக்குமலையில் இரண்டாவது இறக்கத்திலேயே புறங்கால் நெருப்பாக எரிகிறது, பிறகு விரல்கள் மரத்துப்போகின்றன. கொளுக்கியைத் தளர்த்தினால் குதிக்கால் உள்ளே ஏறி இறங்குகிறது, பலகை நான் திருப்பும் பக்கம் திரும்புவதில்லை. பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. சென்ற ஞாயிறு மலைமேல் ஏற்றும் தூக்கியில் உட்கார்ந்தபடியே எல்லாக் கொளுக்கிகளையும் கழற்றிவிட்டு அழுதேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

27.5 வாங்கிவிடட்டுமா?

குளிர்காய்பவன்

அக்கா, தாராளமாக வாங்குங்கள். எனக்கு வீதியில் 42 சப்பாத்து, பனியில் 28.5 போடுகிறேன். இரண்டு தடித்த காலுறை போட்டால் இடைவெளி நிரம்பிவிடும், குளிரும் தெரியாது. மூன்று வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

பழையபனி

தங்கச்சி, தம்பி சொன்னதைச் செய்துவிடாதீர்கள். பெர்னர் ஓபர்லாந்து மலைப்பகுதியில் ஒரு கடையின் பட்டறையில் பதினொரு மாரி இந்தச் சப்பாத்துகளோடுதான் மல்லுக்கட்டினேன். உங்களைப் போல அழுதுகொண்டு வந்தவர்களில் பெரும்பாலானோர் காலில் இருந்தது சிறிய சப்பாத்து அல்ல, பெரிய சப்பாத்து.

நடப்பது இதுதான். அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டுகிறோம். நீளம் கூடியதும் குதிக்கால் பிடியை இழக்கிறது. பிடி இல்லாததால் கொளுக்கியை இறுக்குகிறோம். இறுக்கும் விசை முழுவதும் உங்கள் உயர்ந்த புறங்காலில் போய் விழுகிறது. அங்கே நரம்பும் இரத்தக் குழாயும் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன, எரிவும் மரப்பும் அங்கிருந்து வருகின்றன. நகம் கறுத்ததும் இடம் இல்லாமல் அல்ல, இடம் அதிகமாக இருந்து பாதம் முன்னே வழுக்கி மோதியதால்தான் என்று நினைக்கிறேன்.

ஊகத்தில் பேசவேண்டாம், அளந்து பாருங்கள். சுவரோடு குதிக்காலை ஒட்டி, எடை முழுவதும் அந்தக் காலில் விழ நின்று நீளத்தையும் அகலத்தையும் எடுங்கள். சப்பாத்தில் இருக்கும் 26.5 என்பது மொண்டோபாயிண்ட் அளவு, அதாவது பாதத்தின் நீளம் சென்ரிமீற்றரில். அடுத்து உள்ளே இருக்கும் மெத்தென்ற உட்சப்பாத்தை உருவி எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடுங்கள். விரல் நுனி முன்சுவரை மெதுவாகத் தொடவேண்டும். குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் என்று பாருங்கள். அளவுகோல் உள்ளே போகாது. மகனின் பென்சில்களைக் கடன் வாங்குங்கள், ஒரு பென்சில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். இரண்டு நுழைந்தால் நல்ல பொருத்தம். மூன்று தளர்வு, ஆனால் புதிதாகப் பழகுபவருக்குப் பரவாயில்லை.

ஏரிக்கரை

அண்ணா, அளந்தேன். இடது 24.3, வலது 24.0. அகலம் இடது 101 மில்லிமீற்றர், வலது 100.

பென்சில் நான்கு நுழைந்தது. ஐந்தாவதையும் சற்று அழுத்தியிருந்தால் போயிருக்கும். மகன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான், இப்போது வீடு முழுவதும் இதே பேச்சு.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. 25.5 என்னை நெருக்கியதே! 24.5-க்குள் இந்தப் பாதத்தை எப்படித் திணிப்பது?

பழையபனி

திணிக்கவேண்டாம், கூட்டை உங்களுக்காக விரிப்பார்கள். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று ஊரில் கேட்பார்களே, இங்கே தறிக்கப்படுவது சப்பாத்துத்தான்.

கடைக்குப் போகுமுன் இரண்டு விடயம் தெரிந்திருக்கவேண்டும். 24.0, 24.5 இரண்டுக்கும் பெரும்பாலான நிறுவனங்களில் வெளிக்கூடு ஒன்றுதான், உள்ளங்கால் தட்டோ உட்சப்பாத்தோதான் மாறும். அதனால் அரை அளவு கூட்டித் தருகிறேன் என்றால் மயங்கவேண்டாம். மற்றது அச்சு அகலம், அதாவது பாதத்தின் அகலமான இடத்தில் கூட்டின் உள்ளகலம் மில்லிமீற்றரில். 98, 100, 102 என்று போட்டிருப்பது வழக்கமாக 26.5 கூட்டுக்கான கணக்கு, அளவு இறங்க இறங்க அதுவும் ஒடுங்கும். 102 என்று எழுதிய சப்பாத்தின் 24.5 உள்ளே 98 அளவில்தான் இருக்கும். ஆகவே 102-க்குக் குறைந்த எதையும் தொடாதீர்கள், 104 கிடைத்தால் இன்னும் நல்லது. மீதி மில்லிமீற்றர்களுக்குப் பட்டறை இருக்கிறது. நெருக்கும் இடத்தில் கூட்டைச் சூடாக்கி உள்ளிருந்து அழுத்தித் தள்ளுவார்கள், ஆறியதும் அப்படியே நிற்கும்.

உங்கள் முக்கிய நோவு புறங்கால். அதற்குப் பலர் நினைக்காத வழி, மேலே அல்ல, கீழே. உட்சப்பாத்துக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். அதைச் சில மில்லிமீற்றர் அரத்தால் தேய்த்துவிட்டால் பாதம் முழுவதும் கீழிறங்கி, மேலே இடம் பிறக்கும். இதைச் செய்வீர்களா என்று கேட்டதும் விற்பனையாளர் முழித்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது முழங்கால் வரை நீண்ட ஒரே ஒரு மெல்லிய காலுறை. உள்ளாடைக் காற்சட்டையின் ஓரம் சப்பாத்துக்குள் போகக் கூடாது, அந்த மடிப்பே கணைக்காலை அறுக்கும். குதியைத் தரையில் தட்டிப் பின்னே இருத்தி, மேல் கொளுக்கிகளை முதலில் போட்டு, முழங்காலை முன்னே வளைத்துவிட்டு, விரல் பக்கத்துக் கொளுக்கிகளைக் கடைசியாக, பெயருக்குப் போடுங்கள். நிமிர்ந்து நின்றால் விரல் முன்னே உரசவேண்டும், வளைந்தால் விலகவேண்டும். இருபது நிமிடமாவது கடைக்குள் அப்படியே நில்லுங்கள். வெட்கப்படவேண்டாம்.

இரட்டைப்பின்னல்

கெண்டைக்காலைப் பற்றி யாரும் பேசவில்லையே! எனக்கும் அதே. பெண்களுக்கான சப்பாத்துகளில் கெண்டைக்காலைச் சுற்றும் மேற்பட்டை சற்றுத் தாழ்வாகவும் மேலே விரிந்தும் இருக்கும், அதைக் கேட்டு எடுங்கள். மேல் கொளுக்கியின் பல்வரிசையைத் திருகாணி கழற்றி நகர்த்த முடியும் என்பதே எனக்கு இரண்டு வருடம் தெரியாமல் இருந்தது. குதிக்கு அடியில் சிறு ஆப்பு வைப்பதும் உண்டு, ஆனால் அது புறங்காலை மேலே தள்ளும். உங்களுக்கு அது கடைசி வழியாக இருக்கட்டும்.

2023-24 மாரியிலிருந்து சக்கரம் திருகி இறுக்கும் போவா வகையும் வந்திருக்கிறது. புறங்கால் மேடானவர்களுக்கு நல்லது என்று விளம்பரம் சொல்கிறது. நான் போட்டுப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

மருந்துச்சீட்டு

ஒரு குறுக்கீடு. நான் தாதியாக வேலை செய்கிறேன். சப்பாத்தைக் கழற்றிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, உங்களுக்கு நீரிழிவு இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உணர்வு குறைந்த காலில் கொப்புளம் போட்டாலும் நோகாது, மாலையில் காலுறையைக் கழற்றும்போதுதான் தெரியவரும்.

ஏரிக்கரை

நன்றி அக்கா. இரத்தத்தில் சீனி சரியாகத்தான் இருக்கிறது, கழற்றிய பத்து நிமிடத்தில் மரப்பும் போய்விடுகிறது. சனிக்கிழமை கடைக்குப் போகிறேன்.

குளிர்காய்பவன்

சும்மா ஒரு ஆர்வத்தில் நானும் பென்சில் வைத்துப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே சொல்லப்போவதில்லை. பழையபனி அண்ணா, அந்தப் பட்டறை எந்தக் கிழமைகளில் திறந்திருக்கும்?

பழையபனி

நான் ஓய்வுபெற்றுவிட்டேன் தம்பி. இரண்டாவது காலுறையை இன்றே கழற்றிவிடு.

ஏரிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கடையில் ஒரு வயதான மனிதர், சப்பாத்து எதையும் எடுக்காமல் முதல் பதினைந்து நிமிடம் என் பாதத்தை மட்டும் பார்த்தார். சுவரோரம் குந்தியிருக்கச் சொன்னார். குதி தரையில் பதிய நான் சாவகாசமாகக் குந்தியதைப் பார்த்து, இங்கே பலருக்கு இது வராது, கணுக்கால் நன்றாக மடிகிறது என்றார். ஊரில் அடுப்படியில் பழகியது என்று எப்படி ஜெர்மன் மொழியில் சொல்வது?

24.5, அச்சு 104. முதலில் கால் விட்டபோது உயிர் போய்விட்டது. வேண்டாம் என்று எழுந்தேன். இருங்கள் என்று சொல்லிவிட்டு அடித்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், அரம் தேய்க்கும் சத்தம் கேட்டது, வெண்தூளைக் கையால் துடைத்தபடி வந்தார். பிறகு உட்சப்பாத்தைச் சூடாக்கி, என் காலோடு பத்து நிமிடம் ஆறவிட்டார். சின்னவிரல் ஓரத்தில் பேனையால் வட்டம் போட்டு, அந்த இடத்தில் கூட்டைத் தள்ளினார். மூன்றாவது தடவை நுழைத்தபோது யாரோ கெட்டியாகக் கைகுலுக்குவது போலிருந்தது, நோவு இல்லை. பாதத்தின் வளைவுக்கேற்ற உள்ளங்கால் மெத்தை செய்துகொள்ளவும் சொன்னார். செலவைக் கணவரிடம் தவணை முறையில்தான் சொல்லி வருகிறேன்.

பழைய சப்பாத்தின் குதிப்பக்கத்தில் அடி நீளம் 305 மில்லிமீற்றர் என்று இருந்தது, புதியது 285. அதனால் சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பிணைப்பையும் மாற்றி அமைத்து, பரிசோதனைக் கருவியில் வைத்து, விழும்போது அது விடுபடும் விசையைச் சரிபார்த்தார்கள். இதை நீங்கள் யாரும் சொல்லவில்லை, சற்றுக் கோபம்தான்.

பழையபனி

தலை குனிகிறேன். சப்பாத்து மாறினால் பிணைப்பும் மாறவேண்டும், அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும். தவறாகப் பொருந்திய பிணைப்பு விழும்போது விடாமல் பிடித்துக்கொண்டால் முழங்கால் போய்விடும். பனியில் எப்படி இருந்தது?

ஏரிக்கரை

அடல்போடனில் ஒன்பது இறக்கம். புறங்கால் எரியவில்லை, குதிக்கால் அசையவில்லை. மதியத்துக்குப் பிறகு வலது சின்னவிரல் மட்டும் கொஞ்சம் முறைத்தது, வியாழக்கிழமை அந்த இடத்தை இன்னும் ஒரு தடவை தள்ளித் தருகிறார்.

பழைய 26.5-ஐ விற்க நினைத்தேன். அதற்குள் மகன் தானாகவே உட்சப்பாத்தை உருவிவிட்டுக் காலை விட்டிருக்கிறான். அவன் பாதம் இப்போது 25.4, மூன்று பென்சில். அடுத்த மாரி வரை பெட்டியில் இருக்கட்டும்.