மறு: ‘பசுமை ஜிம்’முக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

‘பசுமை ஜிம்’முக்குத் தமிழ்ச்சொல் தேடி நாலு நாளாக இழை ஓடுகிறது, எனக்கு வாசிக்க மட்டுமே நேரம் கிடைத்தது. எல்லாருக்கும் சேர்த்து இப்போது ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் சேர்ந்தவர்களுக்காகப் பொருளை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள சோனிங் காமன் என்ற ஊரில், வில்லியம் பேர்ட் என்ற மருத்துவர் ஓர் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டமைப்போடு சேர்ந்து 1990களின் பிற்பகுதியில் தொடங்கி வைத்தது இந்தப் ‘பசுமை ஜிம்’ (Green Gym). ஊர்க்காரர்கள் கூடுவார்கள். கைகாலை நீட்டி மடக்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்வார்கள். அப்புறம் ரம்பம், மண்வெட்டியோடு இறங்கிப் புதர் வெட்டுவார்கள், மரம் நடுவார்கள். நடுவில் டீ உண்டு. முடிவில் உடம்பைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவரவர் உடம்புக்கு ஏற்ற வேலைதான், யாரும் யாரையும் விரட்டுவதில்லை.

> பசுமை உடற்பயிற்சிக்கூடம் என்றே வைத்துவிடலாமே.

வைக்கலாம். ஆனால் அதைக் கேட்டதும் எங்கள் பாளையங்கோட்டைக்காரர் மனதில் வருவது பூங்காவில் பச்சைப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் இரும்பு எந்திரங்கள்தான். மரத்தடியில் நின்று காற்றைத் தள்ளுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கூடம் என்றாலே சுவரும் கூரையும் வந்துவிடுகிறது என்பது இன்னொரு தொல்லை.

> இலங்கையில் வழங்கும் ‘சிரமதானம்’ இருக்கிறதே?

பொதுவேலைக்கு உழைப்பைத் தானமாகத் தருவது, நல்ல சொல்தான். ஆனால் இங்கே சிரமம் என்றால் கஷ்டம். ‘சிரமத்தைத் தானம் செய்கிறோம், வாருங்கள்’ என்று அழைத்தால் எவர் வருவார்? அதோடு தானம் கொடுத்தவனுக்குத் திரும்பி ஒன்றும் வரக்கூடாது. இதிலோ செய்கிறவருக்கும் பலன் உண்டு என்பதுதான் கருத்தின் பாதி. குடிமராமத்துக்கும் ஏறக்குறைய இதே பதில். அது பாசனம் பெறுகிறவர்கள் குளத்துக்குச் செலுத்திய கடமை. 2017இல் அரசுத் திட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்டதால் அதை அதன் இடத்திலேயே விட்டுவிடுவோம்.

‘உழவாரம்’ என்று ஒருவர் எழுதியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அப்பர் கையில் பிடித்த கருவி. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பிரகாரங்களில் உழவாரப்பணி நடக்கிறது. உடல் வேர்க்க, கூட்டமாக, கூலியில்லாமல். இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? கோயில் வாசனை அடிக்கிறது என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. குளத்தங்கரையில் இதே போல வேலை செய்யும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லா மதத்தவரும் உண்டு, சொல்லைக் கேட்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. என் தயக்கம் வேறு. உழவாரம் செதுக்கும் கருவி. பிரகாரத்தில் ஒரு புல்லும் மிஞ்சக்கூடாது. இங்கே நாம் வழித்துத் துடைக்கப் போவதில்லை. வந்தேறிச் செடியை எடுத்துவிட்டு, இருக்க வேண்டியதை இருக்கவிட வேண்டும். குளத்தங்கரையில் சீமைக்கருவேலத்தைப் பிடுங்கும்போது பக்கத்தில் நிற்கும் உடைமரத்தையும் சூரைச் செடியையும் தொடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பாதி நேரம் போகிறது. உழவாரம் என்று பெயர் வைத்தால் மீதி நேரமும் போய்விடும்.

அந்த வேலையைப் பற்றியும் கொஞ்சம். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்த்து வரும். தூரைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும்போது கன்றுகள் கையோடு வந்துவிடும். முள் கிளையைக் கவைக்கம்பால் தள்ளிக் குவிக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து, மம்பட்டி போட்டு, இழுத்து, சுமந்து ஒரு மணி நேரம் ஆனால் தண்டால் எடுத்தது போலத் தோள் பேசும். முதல் நாள் நாங்கள் கரையில் நின்று உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டது: “மம்பட்டி பிடிக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி இந்தக் குதி?” மறுநாள் எழுந்திருக்க முடிந்ததே, அதுதான் பதில்.

> ஹீத் = தேரி.

இது சாத்தான்குளத்து அண்ணாச்சியின் பரிந்துரை. ஹீத் (heath) என்பது அந்த இங்கிலாந்துத் தொண்டர்கள் வேலை செய்யும் நிலங்களில் ஒன்று, குட்டைப் புதர் மூடிய திறந்தவெளி. ஊர்ப்பற்று புரிகிறது. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தாலும் தேரி நெல்லைச் சீமையின் சொத்துதான். ஆனாலும் தேரி என்பது காற்று குவித்த செம்மணல் மேடு. தேரிக்குடியிருப்புப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பனையும் கொல்லாமரமும் நின்று மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஹீத்தில் மண் சத்தற்றது, புளிப்பானது, பெரும்பாலும் மணல், அதுவரை ஒற்றுமை. அங்கே தலைமை வகிப்பது ஹெதர் என்ற குட்டைப் புதர், கோடை முடிவில் ஊதா நிறமாகப் பூக்கும். மேய்ச்சலும் வெட்டும் தீயும் நின்றுவிட்டால் பிர்ச், பைன் கன்றுகள் முளைத்துக் காடாகிவிடும். அதனால்தான் அங்கே தொண்டர்கள் மரக்கன்றைப் பிடுங்குகிறார்கள். ‘மரத்தைப் பிடுங்குவதா பாதுகாப்பு?’ என்று நம் வாசகர் திகைப்பார், ‘தேரி’ அந்தத் திகைப்பைத் தீர்க்காது. தேரியில் மரம் நிற்பது நல்லது. ஹீத்தில் அதுவே கேடு.

நமக்கு நெருங்கிய உவமை வேண்டுமென்றால் வல்லநாட்டு மான் சரணாலயத்தைப் பாருங்கள். அங்குள்ள மானுக்குத் திறந்த நிலம் வேண்டும், பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது: வெளிமான். ஆகவே ஹீத்துக்கு ‘குற்றுப்புதர்வெளி’ என்கிறேன். நீளம்தான். பேச்சில் ‘புதர்வெளி’ என்று சுருங்கிக்கொள்ளும்.

சரி, மூலச் சொல்லுக்கு வருவோம். ‘களைப்பயிற்சி’ என்று எழுதிய தம்பிக்குப் பாராட்டு. களையெடுத்தால் களைப்பும் வரும், முகத்தில் களையும் வரும், மூன்றும் ஒரே சொல்லில். சிரித்து முடித்தபின் யோசித்தால், கன்று நடுவதும் கரை கட்டுவதும் அதில் அடங்கவில்லை. (ஓடிக்கொண்டே குப்பை பொறுக்கும் ஸ்வீடன்காரர்களின் ‘பிளாக்கிங்’குக்கு அவரே தந்த ‘பொறுக்கோட்டம்’ இலக்கணப்படி சரி. ஆனால் ‘பொறுக்கி’ காதில் விழுகிறது, வேண்டாம்.)

நான் முன்வைப்பது: பேணுழைப்பு.

பேண் + உழைப்பு. வினைத்தொகை. முன்னால் இருப்பது நெடில் என்பதால் ணகரம் இரட்டிக்காது. உடம்பையும் பேணுகிறோம், காட்டையும் பேணுகிறோம். தமிழில் இரண்டுக்கும் வினை ஒன்றே. எதைப் பேணும் உழைப்பு என்று சொல் சொல்லாமல் விட்டிருப்பதே அதன் வசதி. ‘பேண்பயிற்சி’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். அவசரமாக வாசித்தவர் ‘பெண் பயிற்சியா?’ என்றார், அதோடு கைவிட்டேன்.

> உடற்பயிற்சி என்ற கருத்து சொல்லில் எங்கே?

மதுரை அம்மா இப்படித்தான் கேட்பார்கள் என்று தெரியும். நேராக இல்லை, உண்மைதான். ஆனால் உழைப்பு என்றாலே உடம்பு வந்துவிட்டது. பயிற்சியை முன்னால் நிறுத்தினால் வேலை வெறும் சாக்காகிவிடும். கன்று செத்தாலும் ‘நமக்கு வேர்த்ததே போதும்’ என்று போய்விடுவார்கள். ஆட்டுக்காரப் பெரியவருக்கு விளக்கியபோது அவர் சொன்னது, “வேலையும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு.” வேலையைத்தான் முதலில் வைத்தார்.

செய்கிறவர் பேணுழைப்பாளர், கூட்டம் பேணுழைப்புக் குழு. ஞாயிறுக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். புதர்வெளிக்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணாச்சி. தேரியை நீங்கள் அவ்வளவு லேசில் விட்டுத்தர மாட்டீர்கள்.