பழைய சாலையை அதே இடத்தில் அரைத்துப் புதுப்பிப்பதற்குத் தமிழில் என்ன சொல்?

ஆசிரியை, சாட்ஸ்வொர்த்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் பெற்றோரின் தொழில்களைப் பற்றிச் சுவர்ப்பலகை தயாரிக்கிறார்கள். ஒரு மாணவியின் அப்பா சாலை சீரமைப்புக் குழுவில் இருக்கிறார். பழைய சாலையை அரைத்து அதையே புதிய அடித்தளமாக்கும் இயந்திரத்தின் படத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். 'சாலை மறுசுழற்சி' என்று எழுதச் சொன்னேன். "அங்கேயே செய்வதுதான் முக்கியம் என்று அப்பா சொன்னார், அது இதில் வரவில்லையே" என்கிறாள். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், நீளமான சொல் வேண்டாம்.

பொறியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

அம்மா, அவள் அப்பா சொன்னது முழுக்கச் சரி. சுரண்டிய சாலையை லாரியில் ஏற்றிக் கலவை ஆலைக்குக் கொண்டுபோய் மறுபடி பயன்படுத்துவது வேறு வேலை. அதுவும் மறுசுழற்சிதான். ஆகவே 'சாலை மறுசுழற்சி' என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அவள் அப்பா செய்யும் முறையில் பல் பதித்த உருளை ஒன்று சுழன்று, பெரும்பாலும் 150 முதல் 300 மில்லிமீட்டர் ஆழம் வரை, மேல்தளத்தையும் கீழே உள்ள சரளை அடுக்கையும் சேர்த்துப் பொடிக்கும். பொடிக்கும்போதே நீரும், துகள்களை ஒட்டவைக்கும் பிணைப்பியும் உள்ளே போய்க் கலக்கும். பொதுவாக 1 விழுக்காடு அளவில் சிமென்டை முன்னதாகத் தூவியிருப்பார்கள். பின்னால் கிரேடர் சமன் செய்யும், ரோலர் இறுக்கும், பிறகு மேலே புதிய தளம். புதிய கல்லுக்காக மலையை உடைப்பது குறைகிறது, லாரி ஓட்டமும் குறைகிறது.

பிணைப்பி பெரும்பாலும் நுரைத்த நிலக்கீல் (சாலை போடும் கருப்புப் பசை, bitumen) அல்லது நிலக்கீல் பால்மம் (நிலக்கீல் நுண்துளிகளாக நீரில் கலந்தது). சுமார் 170 டிகிரி சூட்டில் இருக்கும் நிலக்கீலில் 2 அல்லது 3 விழுக்காடு குளிர்ந்த நீரைச் செலுத்தினால் அது நுரைத்துப் பத்து மடங்குக்கு மேலும் பொங்கும். சில நொடிகளில் அடங்கிவிடும் என்பதால் அதற்குள் கலந்தாக வேண்டும். 1956இல் அமெரிக்காவின் அயோவாவில் சானி என்பவர் நீராவியைச் செலுத்தி இதைத் தொடங்கினார், குளிர்நீர் முறை பிறகு ஆஸ்திரேலியாவில் வந்தது. இதற்கான வடிவமைப்புக் கையேடு நம் தென்னாப்பிரிக்காவிலேயே எழுதப்பட்டது, அதன் இரண்டாம் பதிப்பு 2009இல் வந்தது. நம் நாடு முன்னே நிற்கும் துறைக்கு நம்மிடம் தமிழ்ச்சொல் இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

'இடமறுசுழற்சி' என்று வைக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், மெர்பேங்க்:

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். 'இடம்' என்பதன் இறுதி ம் (மகர ஈறு) கெட்டுப் புணர்ந்ததால் 'இடமறு' என்று நிற்கிறது. படிப்பவர் அதை 'இடம் அறு' என்று பிரித்தால் இடமே இல்லாத சுழற்சி என்றாகும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

மறுசுழற்சி என்பதே எனக்கு ஒட்டாத சொல். உருளை சுழல்கிறது, சாலை சுழலவில்லை. 'மறு' என்றால் களங்கம் என்றும் பொருள் உண்டு. நீங்கள் விவரித்த வேலை உழவு அல்லவா? ஏர் கீறிய தடத்துக்குச் சால் என்று பெயர். வண்டிச் சக்கரம் கீறிய தடமும் ஒரு சால்தான். அந்தச் சாலிலிருந்தே சாலை வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் விளையும் என்கிறது குறள். வெளியிலிருந்து கொண்டுவராமல், இருக்கும் மண்ணையே வளமாக்குவது. சாலுழவு என்று வையுங்கள். நான்கு எழுத்துச் சொல்.

ரோஸ் ஹில், மொரீசியஸ்:

ஐயா மேல் மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் சாலையின் வேரை ஏற்க முடியவில்லை. பாடசாலை, அறச்சாலை என்பவற்றில் சாலை கூடம்தானே? சாலா என்ற வடசொல்லோடு ஒட்டிப் பார்ப்பவர்களே அதிகம். ஏரை எங்கே பூட்டுவது?

சுழற்சியை விட்டுவிட்டால் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. சாலை தானாக மீளவில்லை, நாம் மீட்கிறோம். எனவே 'தள மீட்பு'. ஆனால் தீயணைப்பு மீட்பு நினைவுக்கு வரும், அதுதான் தொல்லை. கிரியோல் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இங்கே தமிழ் சொல்லித் தருகிறேன். மறுசுழற்சி அவர்களுக்குத் தெரியும், சாலுழவு தெரியாது. தெரிந்த சொல்லோடு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்பது என் முடிவு.

பொறியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

ஐயா, புணர்ச்சி விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. உழவுதான் தடை. உழவன் மண்ணை இளக்கிவிட்டு விடுகிறான். இங்கே இளக்குவது பாதி வேலை, இறுக்குவதில்தான் சாலையின் ஆயுள் இருக்கிறது. சரியாக இறுக்காத அடுக்கு வண்டிப் பாரத்தில் பள்ளமாகும்.

அப்புறம், பலகையில் தார் என்று எழுதாதீர்கள் அம்மா. நாம் எல்லோரும் தார் ரோடு என்றுதான் சொல்கிறோம், ஆனால் தார் நிலக்கரியிலிருந்து வருவது, நிலக்கீல் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. பழைய சாலையில் உண்மையான தார் இருந்தால் அதைச் சூடாக்கக் கூடாது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் புகையாக வரும். சாலையைச் சூடாக்காத குளிர் முறையில் அங்கேயே கலந்து மூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சொல் மாறினால் ஆள் மூச்சில் போகும் பொருளும் மாறுகிறது.

ஆசிரியை, சாட்ஸ்வொர்த்:

மிக்க நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பெரும்பாலோர் 'இடத்திலேயே மறுசுழற்சி' பக்கம். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். நிலக்கீல் என்றும் போட்டு, தார் வேறு என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். மாணவி தடுக்காமல் படித்தாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மெர்பேங்க்:

பலகைக்கு அது போகட்டும். கலைச்சொல்லாக ஏற்க மாட்டேன். 'இடத்திலேயே' என்று தேற்றேகாரம் (அழுத்தம் தரும் ஏ) ஏறிய தொடரை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை எப்படி ஆக்குவீர்கள்? அந்த இயந்திரத்துக்கு என்ன பெயர்? அதை ஓட்டுபவருக்கு? செப்பம் என்ற சொல்லுக்குச் சீர் என்றும் நேர்வழி என்றும் பொருள் உண்டு, சாலுழவு வேண்டாம் என்றால் அதிலிருந்தாவது முயலுங்கள்.

பொறியாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

இயந்திரத்துக்குச் சாலுழவி என்று வைக்க எனக்குச் சம்மதம், ஐயா. உழுவது அதுதான், இறுக்குவது ரோலர். செயலின் பெயரில் மட்டும் உழவை ஏற்க முடியவில்லை.