அனுப்பியது மூன்று, மாக் காட்டுவது காலி லிஸ்ட்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. பைதானில் யூனிட்டெஸ்ட் மாக் (டெஸ்ட்டில் நிஜ ஆப்ஜெக்ட்டுக்குப் பதில் நிற்கும் போலி, தனக்கு வந்த அழைப்புகளைக் குறித்து வைக்கும்) பயன்படுத்துகிறேன். வரும் ஆர்டர்களை ஒரு லிஸ்ட்டில் சேர்த்து, மூன்று சேர்ந்ததும் அனுப்பும் கிளாஸ் இது. நிஜமாக ஓட்டினால் மூன்றும் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றன. டெஸ்ட் மட்டும் ஃபெயில் ஆகிறது:

எதிர்பார்த்தது: செண்ட்([101, 102, 103])
வந்தது: செண்ட்([])

அனுப்பும் வரிக்கு மேலேயே பிரிண்ட் போட்டுப் பார்த்தேன், மூன்று எண்ணும் இருக்கின்றன. நேற்று மாலையிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்க்யுமென்ட் இடத்தில் 'எனி' (எது வந்தாலும் சரி என்று ஏற்கும் மதிப்பு) போட்டால் பாஸ் ஆகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
வேண்டாம். எனி போட்டால் நாளைக்கு உண்மையிலேயே காலி லிஸ்ட் போனாலும் டெஸ்ட் பாஸ் ஆகும். அனுப்பிய பிறகு அந்த லிஸ்ட்டை என்ன செய்கிறீர்கள்?

கேட்டவர்:
அடுத்த வரியிலேயே கிளியர் செய்கிறேன் அண்ணா. அடுத்த மூன்றை அதில்தானே சேர்க்க வேண்டும்?

பதில் 1:
சரி, சிக்கல் அங்கேதான். மாக் தனக்கு வரும் ஆர்க்யுமென்ட்டை நகலெடுத்து வைப்பதில்லை, அதே லிஸ்ட்டின் ரெஃபரன்ஸைத்தான் (அது இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியை) வைத்திருக்கிறது. அசர்ட் (எதிர்பார்த்ததோடு ஒப்பிடும் வரி) ஓடும்போது அந்த லிஸ்ட்டைத் திறந்து பார்க்கிறது, அதற்குள் நீங்கள் காலி செய்துவிட்டீர்கள். கிளியரை எடுத்துவிட்டு, அந்த மாறியில் புது லிஸ்ட் ஒன்றை வையுங்கள். இது டெஸ்ட்டுக்காக மட்டும் இல்லை. அனுப்பும் வேலை என்றைக்காவது தனி திரெட்டுக்கு (இதோடு ஒரே நேரத்தில் ஓடும் வேறொரு ஓட்டத்துக்கு) போனால், அது படிப்பதற்குள் இங்கே லிஸ்ட் காலியாகிவிடும். அப்போது நிஜ ஆர்டரே தொலையும்.

பதில் 2:
கோடில் கைவைக்க முடியாத இடம் என்றால், மாக்கின் சைட் எஃபெக்ட்டில் (மாக்கை அழைக்கும்போதெல்லாம் ஓட வேண்டியதைக் கொடுக்கும் இடம்) ஒரு சின்ன ஃபங்ஷன் கொடுத்து, வந்ததை டீப்காப்பி (உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து முழு நகல்) எடுத்துத் தனியாகச் சேமித்து, அதோடு ஒப்பிடுங்கள். லிஸ்ட்டுக்குள் டிக்ட் இருந்தால் சாதாரண காப்பி போதாது, உள்ளே இருப்பவை அதே ஆப்ஜெக்ட்களாகவே இருக்கும். ஜாவாவின் மாக் லைப்ரரியான மொக்கிட்டோவில், ஆர்க்யுமென்ட்டைப் பிடித்து வைக்கும் ஆர்க்யுமென்ட் கேப்டரும் நகல் எடுக்காமல் ரெஃபரன்ஸைத்தான் வைத்திருக்கும், நான் அங்கேதான் முதலில் மாட்டினேன்.

அப்புறம் இன்னொன்று. 'அசர்ட் கால்ட் வித்' கடைசி அழைப்பை மட்டுமே பார்க்கும். ஆறு ஆர்டர் கொடுத்து, மாக்குக்கு வந்த எல்லா அழைப்புகளும் இருக்கும் 'கால் ஆர்க்ஸ் லிஸ்ட்' முழுவதையும் சரிபாருங்கள்.

கேட்டவர்:
புது லிஸ்ட் வைத்ததும் பாஸ் ஆகிவிட்டது. ஆறு ஆர்டர் கொடுத்தும் பார்த்தேன்: முதல் அழைப்பில் 101 முதல் 103, இரண்டாவதில் 104 முதல் 106. எனியை எடுத்துவிட்டேன். இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா.