விஸ்கிங் குழாய் குடல் மாதிரி: வெளி நீரில் சர்க்கரை தெரியவில்லை

சிறுகுடல் உறிஞ்சுதலை வகுப்பில் காட்ட, விஸ்கிங் குழாயை (சிறு மூலக்கூறுகளை மட்டும் கடக்கவிடும் சவ்வுக் குழாய்) பையாகக் கட்டி வைத்த மாதிரி இது. பைக்குள் ஸ்டார்ச் செரிக்கிறது. ஆனால் வெளி நீரில் பெனடிக்ட் சோதனை (சர்க்கரை இருந்தால் அளவுக்கேற்பப் பச்சை முதல் ஆரஞ்சு வரை மாறும்) நீலமாகவே நிற்கிறது.

பைக்குள் 1% ஸ்டார்ச் கரைசல் 10 மி.லி., 1% அமைலேஸ் (ஸ்டார்ச்சை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைக்கும் நொதி) 2 மி.லி. வெளியே காய்ச்சி வடித்த நீர், அகலமான சோதனைக்குழாயில். 37 டிகிரியில் 30 நிமிடம். முடிவில் பைக்குள் அயோடின் கறுக்கவில்லை (ஸ்டார்ச் மீதமில்லை), பெனடிக்ட் ஆரஞ்சு. வெளியே அயோடினும் மஞ்சள்தான், கசிவு எதுவும் தெரியவில்லை.

பையில் வெறும் குளுக்கோஸ் ஊற்றிப் பார்த்தால் வெளி நீர் பச்சையாகிறது. சவ்வும் பெனடிக்ட் கரைசலும் சரி. வெளி நீரை 150 மி.லி.யிலிருந்து 20 ஆகக் குறைத்தாயிற்று, அவ்வப்போது குலுக்கியும் பார்த்தாயிற்று. பலனில்லை.

என் சந்தேகம் மால்டோஸ் மேல். குளுக்கோஸைப் போல ஏறக்குறைய இரு மடங்கு பெரிய மூலக்கூறு, மெதுவாகத்தான் கடக்கும். (உடலில் குடல் சுவரிலுள்ள மால்டேஸ் அதை உடைத்த பிறகே உறிஞ்சப்படுகிறது, இந்த மாதிரியில் அந்தக் கட்டமே இல்லை.)

அதே 30 நிமிடத்துக்குள் வெளி நீர் பச்சையாகவாவது மாற, ஸ்டார்ச்சை 3% ஆக்குவதா, மால்டேஸ் சேர்ப்பதா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.