1968 பான்டியாக் ஜிடிஓ வாங்குமுன் உங்கள் ஆலோசனை தேவை

வணக்கம். மிச்சிகனில் ஒருவர் முழுமையாகப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருக்கும் 1968ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓ காரை வாங்க மிகவும் விரும்புகிறேன். 1964, 1965 ஆண்டுகளில் லெமான்ஸ் காரின் கூடுதல் தேர்வாக மட்டுமே கிடைத்த ஜிடிஓ, 1966இல் தனி மாடலாகிவிட்டது. ஆகவே வண்டி எண் (பதிவு எண் அல்ல, தொழிற்சாலையில் தரப்படும் அடையாள எண்) ஜிடிஓ மாடலைக் குறிக்கும் 242 என்று தொடங்க வேண்டும். முன்கண்ணாடி வழியே தெரியும் தகட்டில் அவ்வாறே இருக்கிறது.

என் கவலையெல்லாம் என்ஜினைப் பற்றியதுதான். 400 கன அங்குல என்ஜினின் முன்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்க வேண்டிய வண்டி எண்ணின் பகுதி, தடித்த நீலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருப்பதால், அது இந்த வண்டியுடன் பிறந்த என்ஜின்தானா, பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்று தெரியவில்லை. உலோகத்துக்குச் சேதமின்றி அந்தப் பூச்சை நீக்க என்ன பயன்படுத்தலாம்? விற்பவர் அதற்குச் சம்மதிக்கிறார்.

மேலும், பின்சக்கர வளைவுக்கு மேல் ஓரிடத்தில் காந்தம் ஒட்டவில்லை. அங்கே துருவை வெட்டி எடுக்காமல் பட்டி பூசி மறைத்திருப்பார்களோ என்று அஞ்சுகிறேன். பின்கண்ணாடியின் கீழ் விளிம்பையும் டிக்கியின் தரையையும் நான் இன்னும் பார்க்கவில்லை. இத்தகைய கார்களைப் புதுப்பித்த அனுபவமுள்ளவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் வேறு எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.